முத்திரையும் உறுதியும்

சென்னை அருகே ஒரகடத்தில் கார் ஆலைக்கு இருக்கை செய்து அனுப்பும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தாய் ஆலையின் கன்வேயரில் அடுத்து வரும் வண்டி எது என்ற செய்தி வந்தால்தான் இருக்கைகள் அதே வரிசையில் லாரியில் ஏறும். செய்தி சில நூறு பைட்தான். ஆனால் அதே தகவல் லைனில் கேமரா பதிவுகளும் கனத்த வரைபடக் கோப்புகளும் போகின்றன. சேவைத் தரக் கோட்பாடு எதையும் இங்கே வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

1994இல் முன்வைக்கப்பட்ட இன்ட்செர்வ் என்ற சேவைத் தர முறை, ஒவ்வொரு தகவல் ஓட்டத்துக்கும் வழி நெடுக முன்பதிவு கேட்டது. உறுதி தெளிவானது, ஆனால் ஒவ்வொரு ரூட்டரும் ஒவ்வொரு ஓட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டியிருந்ததால், பெரிய வலையமைப்பின் மையத்தில் அது தாங்கவில்லை. 1998இல் வந்த டிஃப்செர்வ் என்ற முறை அந்த நினைவுச் சுமையை இறக்கியது. விளிம்பில் பாக்கெட்டுக்கு ஆறு பிட் முத்திரை. மையத்தில் வகுப்பு வாரியாக வரிசை. இந்தச் சிக்கனம்தான் அதன் சாதனை. முத்திரை முந்திச் செல்லும் உரிமையைத் தருமே தவிர, அளவைத் தராது என்பது அதன் குறை. விளிம்பில் வரம்பு கட்டாமல் எல்லாவற்றையும் முதல் வகுப்பாக்கினால், முதல் வகுப்பே இல்லாமல் போகும்.

முன்னுரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. புறப்பட்டுவிட்ட பாக்கெட்டை அது பாதியில் நிறுத்தாது. 100 மெகாபிட் இணைப்பில் 1,500 பைட் பாக்கெட் கடக்க 0.12 மில்லிவினாடி ஆகும். சங்கிலியாகக் கோத்த பத்து சுவிட்சுகளில் ஒவ்வொன்றிலும் முன்னுரிமைச் செய்தி இப்படிக் காத்திருந்தால் 1.2 மில்லிவினாடி. இருக்கைச் செய்திக்கு இது பொருட்டே அல்ல. ஒரு மில்லிவினாடிச் சுழற்சியில் இயங்கும் ரோபோவுக்கு இது தோல்வி. தர நிர்ணய அமைப்பான ஐஇஇஇ 2015இல் ஏற்ற, ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நேரம் ஒதுக்கும் நேரக் கதவு முறை இந்தக் காத்திருப்பை ஒழிக்கிறது. அதற்கு விலையாக எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தில் இசைய வேண்டும், பழைய சுவிட்சுகளை மாற்ற வேண்டும்.

ஆலை வாசலைத் தாண்டினால் சிக்கல் வேறு. முத்திரையின் மதிப்பு அதை இட்ட நிர்வாகத்தின் எல்லை வரைதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018இல் ஏற்ற இணைய நடுநிலை விதி, பொது இணையத்தில் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அது நியாயமான விதி. ஆகவே பட்டறை தனக்கான உறுதியைத் தனி லைனுக்கான ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். அத்தகைய லைனில், பாக்கெட்டுக்குச் சீட்டு ஒட்டி வழிநடத்தும் எம்பிஎல்எஸ் வழிப் போக்குவரத்துப் பொறியியல், நெரிந்த பாதையை விட்டுக் காலியான பாதையில் ஓட்டத்தைத் திருப்பும். வரிசையை மட்டும் ஒழுங்குபடுத்தும் டிஃப்செர்வ் செய்யாத வேலை அது. ஆனால் இரண்டு பாதைகளும் சாலையோரத்தில் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரு பொக்லைன் இரண்டையும் அறுத்துவிடும். வரைபடத்தில் மட்டும் இரண்டாக இருக்கும் பாதையைப் பொறியியல் என்று ஏற்பதற்கில்லை.

முறை என்ற அளவில் டிஃப்செர்வுக்கு முதலிடம் தரலாம். உறுதி என்ற அளவில் அது முழுமை பெறவில்லை. பட்டறைக்காரர் ஒப்பந்தத்தில் முன்னுரிமை என்ற சொல்லோடும் சராசரித் தாமதத்தோடும் நிறைவடையக் கூடாது. நெரிசல் உச்சத்தில் தாமதம் எவ்வளவு, அது மீறினால் பொறுப்பு யாருடையது, இரண்டு கேபிள்களும் எந்தப் பள்ளத்தில் போகின்றன என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் உள்ள லைனைத்தான் தரமுள்ளது என்று ஒப்புவேன்.