மூடுபனியும் மூலபாடமும்: ‘சைலண்ட் ஹில் 2’ மறுபதிப்பை முன்வைத்து

பழைய நிகழ்பட விளையாட்டுகளைப் புதிய கருவிகளுக்கேற்ப மெருகேற்றி வெளியிடும் ‘ரீமாஸ்டர்’ முறையைப் படத்தெளிவு என்னும் அளவுகோலால் மதிப்பிடுவது வழக்கம். திகில் வகைமைக்கு அவ்வளவுகோல் பொருந்துவதில்லை. எதிரில் இருப்பதைக் காணவியலாமையே அங்கு அச்சத்தின் ஊற்று. கொனாமி நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘சைலண்ட் ஹில் எச்.டி. கலெக்‌ஷன்’ இம்முரணை வெளிப்படையாகக் காட்டுகிறது.

1999இல் பிளேஸ்டேஷனில் வெளிவந்த முதல் ‘சைலண்ட் ஹில்’ விளையாட்டில் மூடுபனி ஒரு தொழில்நுட்பத் தேவையாக இருந்தது. தொலைவிலுள்ள தெருக்களையும் கட்டடங்களையும் ஒருசேர வரைந்து காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை. அக்குறையைப் பனியும் இருளும் மறைத்தன. 2001இல் பிளேஸ்டேஷன் 2இல் வெளியான இரண்டாம் பாகத்திலோ பனி அந்நிலையைக் கடந்துவிட்டது. இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து வந்த கடிதத்தை நம்பி ஊருக்குள் நுழையும் ஜேம்ஸ், தான் அறிந்த ஒன்றைத் தனக்கே மறைத்துக்கொண்டிருப்பவன். அசைந்து திரளும் பனியும் திரையெங்கும் படிந்த மணல்துகள் போன்ற இரைச்சலும் அவன் மனத்திரையின் புறவடிவங்கள் எனக் கொள்ளலாம். ஆகவே பனி இங்குப் பின்னணி அன்று, கதைக்கூறு.

2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பனி மெலிந்தது. அது மறைத்திருந்த நிலப்பரப்பின் விளிம்புகள் வெளிப்பட்டன. ஒரு பெயர்ப்பலகையில் காமிக் சான்ஸ் எழுத்துரு இடம்பெற்றது நகைப்புக்குள்ளாயிற்று. அதைச் சிறுபிழை என ஒதுக்கிவிடலாம். பனியின் இழப்பை அவ்வாறு ஒதுக்கவியலாது. குரல் நடிப்பில் பழையதையும் புதியதையும் தேர்ந்துகொள்ள இரண்டாம் பாகத்தில் வழிசெய்த பதிப்பாளர், பனிக்கு அத்தகைய வாய்ப்பளிக்கவில்லை. குரலைப் பாடமாகவும் பனியை வெறும் கருவிக்கூறாகவும் அவர்கள் கருதினர் என்பதையே இது உணர்த்துகிறது.

எனினும் பழி முழுவதையும் மறுபதிப்பை உருவாக்கிய ஹைஜின்க்ஸ் ஸ்டூடியோஸ் மீது சுமத்துவது முறையாகாது. அவர்களுக்குக் கிடைத்த மூலநிரல் வெளியீட்டு வடிவத்தினுடையது அன்று. அதற்கு முந்தைய, பிழைகள் களையப்படாத நிலையினது. பதிப்பியல் நோக்கில் கூறுவதாயின், திருந்திய படி அச்சில் இருக்க, வரைவுப் படியைக் கொண்டு மறுபதிப்பு உருவாகியிருக்கிறது. பத்தாண்டு கடந்த படைப்பொன்றின் இறுதி நிரலை உரிமையாளரே பேணிக்காக்கவில்லை என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

2002ஆம் ஆண்டு ‘ரெசிடெண்ட் ஈவில்’ மறுஆக்கத்தைக் காப்காம் நிறுவனம் 2015இல் பரவலாக வெளியிட்ட முறை இதனின் வேறுபட்டது. பழைய திரை விகிதத்தையும் பழைய இயக்கமுறையையும் விளையாடுபவர் தேர்ந்துகொள்ளலாம். அகன்ற திரையில் படத்தின் மேலும் கீழும் வெட்டுண்டு, பாத்திரத்தின் அசைவுக்கேற்பக் காட்சி நகர்வது உண்மையே. ஆனால் மூலவடிவம் பதிப்புக்குள்ளேயே உடனிருப்பதால், எது மாறியது என்பதை ஒப்பிட்டறிய இயலுகிறது.

‘சைலண்ட் ஹில் 2’ குறித்து ஆய்வோர்க்கு இவ்வசதி இல்லை. எச்.டி. பதிப்புக்குரிய திருத்தம் பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்தது. எக்ஸ்பாக்ஸ் 360க்கான திருத்தம் கைவிடப்பட்டது. ஒரே தலைப்பும் ஒரே ஆண்டும் கொண்ட வெளியீட்டுக்கு இரு பாடங்கள் நிலவுகின்றன. கருவியின் பெயரைச் சுட்டாத மேற்கோள் எந்தப் பாடத்தைக் குறிக்கிறது என அறிய வழியில்லை. இதற்கிடையே, பழைய கணினி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு பனியையும் ஒலியையும் மீட்டெடுக்கும் ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ பணியை ஆர்வலர்கள் ஊதியமின்றி மேற்கொண்டுள்ளனர். பாடங்களை ஒப்புநோக்கி, சிதைவுகளைக் கண்டறிந்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் அவர்தம் செயல் பதிப்பாசிரியர் பணியேயாகும். ஆனால் அவர்கள் கைக்கொண்ட அடிப்படைப் படியும் முதல் வெளியீடு அன்று. 2002இல் கணினிக்கென மாற்றப்பட்ட, பனி ஏற்கெனவே ஓரளவு மெலிந்துவிட்ட படியே அது.