ஜே.பி. சந்திரபாபு: பாடகர் என்ற நிலையில் ஒரு மதிப்பீடு

ஜே.பி. சந்திரபாபு (1927 - மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்படப் பாடகர், நகைச்சுவை நடிகர், நடனக் கலைஞர், இயக்குநர். மேற்கத்திய துள்ளிசையையும் யோடலிங் என்னும் பாட்டு முறையையும் தமிழ்த் திரையில் பரவலாக்கியவர். நடிகராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் அவருடைய சாதனையில் காலம் கடந்து நிற்பது பாட்டே.

வாழ்க்கை

தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். தந்தை விடுதலைப் போராட்ட வீரர். குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்ததால் அங்கே படித்தார். பின்னர் சென்னைக்கு வந்து ‘தன அமராவதி’ (1947) படத்தில் அறிமுகமானார். 1950களில் முன்னணி நகைச்சுவை நடிகரானார். ‘சபாஷ் மீனா’ (1958) படத்தின் ரிக்‌ஷாக்காரர் வேடம் இன்றும் பேசப்படுகிறது. ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படத்தை இயக்கி நடித்தார். அது வெற்றி பெறவில்லை.

பாடும் முறை

யோடலிங் ஆல்ப்ஸ் மலைப்பகுதி மேய்ப்பர்களின் கூவலிலிருந்து வளர்ந்தது. மார்புக் குரலிலிருந்து மெல்லிய மேல்குரலுக்குச் சட்டெனத் தாவி மீள்வது அதன் இலக்கணம். அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகள் அதை உலகெங்கும் கொண்டு சென்றன.

கர்நாடக இசைப் பயிற்சி சுரங்களைக் கமகத்தால் இணைக்கிறது. குரலின் ஒட்டு வெளியே தெரியக் கூடாது. யோடலிங்கோ அந்த ஒட்டையே அழகாக்குகிறது. சந்திரபாபு இதைத் தமிழுக்குக் கொண்டு வந்தபோது சொல்லைச் சிதைக்கவில்லை. தாளம் மேற்கத்தியது, உச்சரிப்பு பேச்சுத் தமிழுக்கு நெருக்கமானது. ‘மரகதம்’ (1959) படத்தில் கே. ஜமுனாராணியுடன் அவர் பாடிய ‘குங்குமப்பூவே’ இதற்குச் சிறந்த சான்று. ‘பெண்’ (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். அவரது முகம் திரையில் இல்லாதபோதும் குரலுக்குத் தனி மதிப்பு இருந்ததை இது காட்டுகிறது.

ஒப்பீடு

பிரான்சில் ஏறத்தாழ இதே பணியைச் செய்தவர் சார்ல் த்ரெனே (1913 - 2001). ஜாஸ் இசையின் துள்ளலைப் பிரெஞ்சுப் பாட்டில் கலந்த அவரை மக்கள் ‘பாடும் பித்தன்’ என்று அழைத்தனர். ‘சகோதரி’ (1959) படத்தில் தன்னை முட்டாள் என்று அறிவித்துப் பாடிய சந்திரபாபுவை இந்தப் பட்டம் நினைவூட்டும். இருவரும் கோமாளி வேடத்துக்குள் துயரத்தை வைத்தவர்கள். ஆனால் த்ரெனே தம் பாடல்களைத் தாமே எழுதினார். தமக்கென ஒரு மேடையும் அவருக்கு இருந்தது. சந்திரபாபு பாட வேண்டியதைத் திரைக்கதை தீர்மானித்தது.

மதிப்பீடு

சந்திரபாபு மேற்கத்திய பாணியை நகலெடுத்தவர் என்பது ஒரு குறை. சில பாடல்களில் யோடலிங் வெறும் அலங்காரமாக நின்றுவிடுவது உண்மைதான். ஆனால் ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் கண்ணதாசன் எழுதிய ‘பிறக்கும்போதும்’ பாடலைக் கேட்பவர் இக்குறையை முழுதாக ஏற்க மாட்டார். அங்கே வித்தை இல்லை. அடங்கிய குரலில் ஒரு மனிதரின் சோர்வு மட்டுமே கேட்கிறது. குறும்பு இல்லாமலும் அவரால் நிற்க முடிந்தது.

இன்னொரு தடை அவருடைய வாழ்க்கைக் கதை. முறிந்த திருமணம், பாதியில் நின்ற ‘மாடி வீட்டு ஏழை’, கடன், குடி, 46 வயதில் மரணம் ஆகியவை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரக்கத்தோடு சொல்லப்பட்டாலும் அக்கதை பாடகரை மறைத்துவிடுகிறது. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் போன்ற தென்மாவட்ட ஊர்களில் இலங்கை வானொலி வழியாக அவர் பாட்டைக் கேட்டவர்களில் பலருக்கு அவர் கடனும் தெரியாது, துயரமும் தெரியாது. குரல் பிடித்திருந்தது, கேட்டார்கள். அவரை மதிப்பிட அதுவே சரியான தொடக்கம்.