விற்பவன் யார்? சொகுசுக் கார் வணிகத்தில் உற்பத்தியாளரும் முகவரும்

உற்பத்தியாளனிடமிருந்து நுகர்வோனிடம் பொருள் சென்றடையும் வழியை வணிகவியல் நூல்கள் ‘விநியோக மார்க்கம்’ என வழங்குகின்றன. மார்க்கம் என்னும் சொல் அமைதியானதொரு பாதையை நினைவூட்டுகின்றது. ஆயின் அப்பாதை நெடுகிலும் மூன்று வினாக்கள் ஓயாது எழுகின்றன. கையிருப்பின் சுமை யாருடையது? விலையை விதிப்பவர் யார்? வாடிக்கையாளர் யாருக்கு உரியவர்? இவ்வினாக்களுக்கு உற்பத்தியாளரும் வணிகரும் வெவ்வேறு விடை கூறும்போது தோன்றுவதே விநியோக மார்க்க முரண்பாடு. இதனைத் தொடர்பாடற் குறைபாடு என விளக்கி, கலந்துரையாடலை மருந்தாகக் கூறுவது முகாமைத்துவ எழுத்துக்களிற் பெருவழக்கு. அவ்விளக்கம் போதாது என்பதும், முரண்பாட்டின் வேர் அதிகாரமும் சுமையும் வெவ்வேறு கைகளிற் பிரிந்து கிடப்பதிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சொகுசுக் காருக்கும் கல்முனைக் கரைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். கடையாலும் தறியாலும் கடலாலும் வாழும் ஊர்கள் எம்முடையவை. தன் பொருளை விற்பவன், பிறர் பொருளைக் கொமிசனுக்கு விற்பவன் என்னும் இருவரிடையே உள்ள வேறுபாடு எமது கடைத்தெருவுக்குப் புதியதன்று. அவ்வேறுபாடே இன்று உலகின் விலையுயர்ந்த கார்களின் சந்தையை அலைக்கழிக்கின்றது.

பழைய முறை எளிமையானது. வணிகர் காரைக் கம்பனியிடம் மொத்த விலைக்கு வாங்குவார். அதற்கு வங்கிக் கடன் பெறுவார், வட்டி கட்டுவார், காட்சியறையில் நிறுத்தி விற்பார். கார் விலைபோகாது கிடந்தால் நட்டம் அவருடையது. விற்பனை மந்தமாகும்போது கழிவு கொடுத்தாயினும் அதனை அகற்ற முற்படுவார். ஒரே நகரில் ஒரே காரை இருவர் விற்பின் கழிவுப் போட்டி மூளும். சொகுசுப் பொருளின் உயர்ந்த விலை அதன் மதிப்பின் ஒரு கூறாதலால், இப்போட்டியை உற்பத்தியாளர் விரும்புவதில்லை.

ஆனால் சுயாதீன வணிகரை நோக்கி ‘இதற்குக் கீழே விற்காதே’ எனக் கட்டளையிடப் போட்டிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தியப் போட்டி ஆணைக்குழு 2021 ஓகஸ்டில் மாருதி சுசுக்கி நிறுவனத்துக்கு 200 கோடி இந்திய ரூபாய் அபராதம் விதித்தது. தன் வணிகர்கள் கொடுக்கும் கழிவைக் கட்டுப்படுத்தியது என்பதே குற்றச்சாட்டு. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. மாருதி சொகுசுக் கார் அன்று. எனினும் இவ்வழக்கு உணர்த்தும் நெறி எல்லாக் கார்களுக்கும் பொது. பொருள் வணிகருடையதாயின் விலையும் அவருடையதே.

அவ்வாறாயின் பொருளையே வணிகரிடம் கொடாதிருந்தால் என்ன? மேர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் இந்தியாவில் 2021 ஒக்டோபரில் நடைமுறைப்படுத்திய புதிய விற்பனை முறையின் உட்கிடை இதுவே. இம்முறையிற் புதிய கார்கள் அனைத்தும் கம்பனியின் உடைமையாகவே இருக்கும். நாடெங்கும் ஒரே விலை. விற்பனைப் பட்டியலைக் கம்பனியே வாங்குவோர் பெயருக்கு நேரடியாக எழுதும். முன்னைய வணிகர் காரைக் காட்டி, ஓட்டிப் பார்க்கச் செய்து, கையளித்துத் தரகு பெறும் முகவராவார். பழுதுபார்க்கும் சேவை அவரிடமே எஞ்சும்.

இம்முறையை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. வணிகரின் தலையிலிருந்து கையிருப்பும் அதன் வட்டியும் இறங்கின. பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு வேறொரு விலை என்னும் நிலையும் நீங்கிற்று. தலைநகரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், வணிகரை நேரில் அறியாது வாழும் எம் போன்றோர் ஒரே விலை என்பதன் அருமையை நன்கறிவர்.

எனினும் நயம் ஒருபுறமிருக்க, இழப்பு மறுபுறம் உண்டு. நெசவுத் தொழிலில், நூலை முதலாளி கொடுக்க, நெய்தவன் கூலி பெறும் ஏற்பாட்டினை மருதமுனைத் தறியோசையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. அங்கு நெசவாளனுக்கு நூல் வாங்கும் கவலை இல்லை. துணியின் விலையைச் சொல்லும் உரிமையும் இல்லை. புதிய முறையில் வணிகரின் நிலையும் அத்தகையதே. வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் விருப்பும் கம்பனியின் ஏட்டில் ஏறிவிட்டபின், தலைமுறையாகத் தேடிய நன்மதிப்பு அவர் கையை விட்டகல்கின்றது. ஆனால் காட்சியறைக்கும் ஊழியருக்கும் இட்ட முதல் அவருடையதாகவே இருக்கின்றது. தரகின் அளவை உயர்த்துவதும் தாழ்த்துவதும் மறுதரப்பின் கையில். சுமையின் ஒரு பகுதியே இறங்கிற்று. அதிகாரமோ முழுதும் இடம்பெயர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய போட்டி விதிகள் இவ்விடயத்திற் கருத்தூன்றி நோக்கத்தக்கவை. குறிப்பிடத்தக்க வணிக ஆபத்தைத் தாங்காதவரே உண்மையான முகவர். அத்தகைய முகவருக்கே உற்பத்தியாளர் விலை விதிக்கலாம் என்பது அவற்றின் நெறி. இஸ்லாமிய வணிகச் சட்டத்திலும் ஆதாயம் பொறுப்பைத் தொடர்ந்தே வரும் என்பதோர் அடிப்படை விதி. இரண்டும் வெவ்வேறு மரபிற் பிறந்து ஒரே நீதியைச் சுட்டுகின்றன.

இந்நீதியின்படி நடப்பது உற்பத்தியாளருக்கும் எளிதன்று. மேர்சிடிஸ்-பென்ஸ் 2023 ஜனவரியில் பிரித்தானியாவிலும் முகவர் முறையைத் தொடங்கிற்று. ஆனால் ஜகுவார் லாண்ட் ரோவர் அங்கு தான் வகுத்திருந்த அதேபோன்ற திட்டத்தை 2024இற் கைவிட்டது. விலையைத் தன் கையில் எடுப்பவர் விற்காத காரையும் தன் களஞ்சியத்தில் ஏற்க வேண்டும் என்பதே இம்முறையின் கணக்கு. வணிகரே இல்லாது விற்க முனைந்த டெஸ்லாவோ வேறொரு சுவரில் மோதிற்று. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் பெரும் தொழிற்சாலை அமைத்தும், வணிகரைப் பாதுகாக்கும் அம்மாநிலச் சட்டத்தால் அங்கு நேரடியாக விற்க அதனால் இயலவில்லை.

எமது நாட்டில் இம்முரண்பாடு பிறிதொரு வடிவம் கொள்கின்றது. இங்கு மோதல் உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் இடையே அன்று; அங்கீகாரம் பெற்ற முகவருக்கும் தனி இறக்குமதியாளருக்கும் இடையே. 1939இல் தொடங்கப்பெற்ற டிமோ நிறுவனம் மேர்சிடிஸ்-பென்ஸ் வாகனங்களின் முகவராக விளங்குகின்றது. இத்தகைய நிறுவனங்கள் திருத்துமிடம், கருவிகள், பயிற்சி பெற்ற தொழிலாளர், உதிரிப்பாகம் ஆகியவற்றில் முதலிடுகின்றன. தனி இறக்குமதியாளரோ அச்செலவின்றி வெளிநாட்டுச் சந்தையில் வாங்கிய காரைக் கொண்டுவந்து குறைந்த விலைக்கு விற்க முடிகின்றது. ‘என் செலவில் அவன் ஆதாயம்’ என்பது முகவரின் முறைப்பாடு. ‘உன் ஏகபோகத்துக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்’ என்பது நுகர்வோரின் மறுமொழி. இரண்டிலும் உண்மையுண்டு.

இவ்விருவருக்கும் மேலாக மூன்றாவது கை ஒன்றுள்ளது; அது அரசின் கை. அரச ஊழியருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் வழங்கப்பட்ட வரிச்சலுகை அனுமதிப்பத்திரங்கள் தாமே சந்தைப் பொருளாகிக் கைமாறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி மீளத் திறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் புதிய காரின் வரவு அடைபட்டிருந்த அக்காலம் ஓர் உண்மையைத் தெளிவாக்கிற்று. விற்பனை நின்றாலும் ஓடும் வாகனத்துக்குப் பழுது நிற்பதில்லை. வணிகரின் நிலையான செல்வம் காட்சியறையின் கண்ணாடியில் அன்று, திருத்துமிடத்தின் எண்ணெய் படிந்த கைகளிலேயே உள்ளது.

ஆதலின், எந்த விநியோக முறை சிறந்தது எனப் பொதுப்பட வினவுவதிற் பயனில்லை. ஒவ்வொரு முறையையும் ஓர் உரைகல்லில் இட்டுப் பார்த்தல் வேண்டும். விலையை விதிப்பவர் நட்டத்தையும் ஏற்கின்றாரா? வாடிக்கையாளரின் பெயரை ஏட்டிற் பதிந்துகொள்பவர் அவரது முறைப்பாட்டுக்கும் விடை கூறுகின்றாரா? சேவைக்கு முதலிட்டவருக்கு அச்சேவையின் பயன் கிட்டுகின்றதா? இவற்றுக்கு ஆம் என விடை தராத முறை, அதன் பெயர் எத்துணை நவீனமாயினும், வலியவர் தம் சுமையை மெலியவர் தோளுக்கு மாற்றும் பழைய உபாயமேயாகும். சொகுசுக் காருக்கு மட்டுமன்று, கைத்தறிச் சேலைக்கும் கடல்மீனுக்கும் இவ்வுரைகல் பொருந்தும். வணிகம் கற்கும் மாணவர் இவ்வினாக்களைக் கேட்கத் தயங்குவரேல், அவர்தம் கல்வி கணக்கேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்ததாகவே முடியும்.