ஸ்கோர்கார்டில் ஏறாத பேச்சு

2020 டிசம்பர் 17, அடிலெய்டு பகலிரவு டெஸ்ட்டின் முதல் நாள். ஸ்கோர்கார்டைப் புரட்டினால் விராட் கோலி பெயருக்கு நேரே 74 என்று இருக்கும். கூடவே, ‘ரன் அவுட், ஹேசில்வுட்/லயன்’. பந்தை எறிந்தவர் பெயர் இருக்கிறது. பெயில்ஸைத் தட்டியவர் பெயரும் இருக்கிறது. ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு, பாதியில் ‘வேண்டாம்’ என்று திரும்பிப் போனவர் பெயர் மட்டும் இல்லை. அதற்கென்று அங்கே ஒரு கட்டமே கிடையாது.

அந்த ஆஸ்திரேலியத் தொடரை இந்தியா 2-1 என்று வென்ற கதையைப் பலரும் பல விதமாகச் சொல்லியாகிவிட்டது. ரிஷப் பந்தின் ‘97’, புஜாரா உடம்பில் வாங்கிய அடிகள், காபா வெற்றி எல்லாமே உண்மைதான். ஆனால் நான்கு டெஸ்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொரு கோடும் தெரிகிறது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் எப்படிக் கேட்டார், சொன்னது தப்பாகப் போனபோது என்ன செய்தார்கள் என்பதுதான் அந்தக் கோடு.

முதலில் அடிலெய்டு. இந்தியா 188/3. கோலியும் ரஹானேவும் சேர்ந்து 88 ரன் எடுத்து, ஆட்டத்தைக் கைக்குள் வைத்திருந்த நேரம். லயனின் பந்தை ரஹானே மிட் ஆஃப் பக்கம் தட்டுகிறார். பந்து ஸ்ட்ரைக்கரின் கண்ணுக்கு முன்னால் போனால் குரல் கொடுப்பது ஸ்ட்ரைக்கர். முதுகுக்குப் பின்னால் போனால் நான்-ஸ்ட்ரைக்கர். தெரு கிரிக்கெட் பையனுக்கும் தெரிந்த சட்டம் இது. ரஹானே கூப்பிட்டார், கிளம்பவும் செய்தார். கோலி அதை நம்பித் தலை குனிந்து ஓடினார். நிமிர்ந்தபோது ரஹானே திரும்பிக்கொண்டிருந்தார். கோலி நின்றதோ நடு பிட்சில். ஹேசில்வுட் எறிந்த பந்து லயன் கைக்கு வந்துவிட்டது.

இங்கே கால் வேகத்தில் குறை இல்லை. கோலியைப் போல விக்கெட்டுகளுக்கு இடையே ஓடுபவர்கள் குறைவு. காதிலும் குறை இல்லை. அவருக்கு நன்றாகவே கேட்டது. குறை இரண்டாவது முடிவில்தான். தப்பான ‘யெஸ்’ கூடச் சில சமயம் தப்பிக்கும். இருவரும் முழு மூச்சாக ஓடினால் எறி தவறலாம், பந்து கையில் நழுவலாம். ஒருவர் ‘யெஸ்’ஸிலும் மற்றவர் ‘நோ’விலும் இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. முதல் இன்னிங்ஸ் 244-ல் முடிந்தது. இரண்டாவது இன்னிங்ஸின் 36-ஐ இந்த ரன் அவுட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை, அது வேகப்பந்து வீச்சின் வேலை.

இதற்கு நேர்மாறான உதாரணம் 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன். உலகக் கோப்பை அரையிறுதி, இரண்டு அணிகளும் 213. தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று பந்தில் ஒரே ஒரு ரன் தேவை. குளூஸ்னர் அடித்துவிட்டு ஓடினார். முந்தைய பந்தில் ரன் அவுட்டாகாமல் மயிரிழையில் தப்பிய டொனால்டு, இந்த முறை கிரீஸை விடாமல் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தால் குளூஸ்னர் பக்கத்தில் நிற்கிறார்! ஓட முயன்றபோது மட்டையும் கைநழுவியது. ஆட்டம் டை, சூப்பர் சிக்ஸ் பட்டியலில் ஆஸ்திரேலியா மேலே இருந்ததால் தென்னாப்பிரிக்கா வெளியே. குளூஸ்னர் செய்தது அறிவிப்பு. எதிர் முனையிலிருந்து பதில் வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. அடிலெய்டில் சொன்னவர் மனம் மாறினார். எட்ஜ்பாஸ்டனில் கேட்க வேண்டியவர் கேட்கவே இல்லை. வர்ணனையாளர்கள் இரண்டையும் ‘குழப்பம்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பயிற்சியாளருக்கு அது போதாது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சரி, தப்பு நடந்துவிட்டது. அதற்கப்புறம்? மைதானத்திலேயே ரஹானே கையை உயர்த்தித் தன் தவறு என்று காட்டினார். ஆட்டம் முடிந்ததும் கோலியிடம் போய் மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் பிறகு சொன்னார். கோலி குழந்தைப் பிறப்புக்காக ஊர் திரும்ப, அணி ரஹானே கைக்கு வந்தது.

11 நாள் கழித்து மெல்போர்ன். ரஹானே 112, ஜடேஜா 49. அரைசதத்துக்கு ஒரு ரன். ஜடேஜா கவர் பக்கம் தட்டிவிட்டு ஓட, லபுஷேன் பந்தை எடுத்துக் கீப்பர் பெய்னிடம் எறிந்தார். ரஹானே கொஞ்சத்தில் உள்ளே வந்து சேரவில்லை. இந்த முறை அவுட்டானவர் அவர். ஜடேஜா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் பல கேப்டன்கள் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்திருப்பார்கள், குறைந்தபட்சம் ஒரு முறைப்பாவது விட்டிருப்பார்கள். ரஹானே ஜடேஜாவின் அருகில் போய், தட்டிக் கொடுத்து, ‘நீ ஆடு’ என்கிற மாதிரி சைகை காட்டிவிட்டுப் பெவிலியனுக்கு நடந்தார்.

இதை நல்ல மனசு என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். ஆட்டக் கணக்காகவும் பார்க்க வேண்டும். ரன் அவுட் ஒரு விக்கெட்டோடு நிற்பதில்லை. அவுட்டாகாமல் நிற்பவர் குற்ற உணர்ச்சியில் அடுத்த சில ஓவர்களுக்குள் போய்விடுவது நாம் அடிக்கடி பார்ப்பதுதான். அடிலெய்டில் ரஹானேவே 42-ல் அப்படித்தான் போனார். மெல்போர்னில் அந்த இரண்டாவது விக்கெட் உடனே விழவில்லை. ஜடேஜா 57 வரை போனார். இந்தியா 326, முன்னிலை 131, வெற்றி 8 விக்கெட் வித்தியாசத்தில்.

அதற்காக அணி ஒரே வாரத்தில் திருந்திவிட்டது என்று எழுதினால் பொய். சிட்னி முதல் இன்னிங்ஸில் விஹாரி, அஸ்வின், பும்ரா என்று மூன்று பேர் ரன் அவுட். மறுபடியும் 244. அந்த மூவரில் இருவர்தான் ஐந்தாம் நாள் சேர்ந்து நின்றார்கள்.

2021 ஜனவரி 11. இலக்கு 407. பந்த் 97, புஜாரா 77 எடுத்துப் போனபோது இந்தியா 272/5. விஹாரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஓட முடியாத நிலை. அஸ்வினுக்கு முதுகு, காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு ட்விட்டரில் எழுதினார். அடுத்து இறங்க வேண்டிய ஜடேஜாவின் கட்டைவிரல் எலும்பு முறிந்திருந்தது.

அன்று ஸ்டம்ப் மைக்கில் கேட்டது தமிழ். ஆந்திராவின் விஹாரிக்குச் சென்னை லீக் ஆடிப் பழகிய தமிழ். ஆஸ்திரேலியர்களுக்குப் புரியாது என்பது கூடுதல் லாபம், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது பேச்சின் அளவு. ஆடும் முறை பற்றிப் பாடம் எடுக்கவில்லை. மிச்சமிருக்கும் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டு, பந்துக்குப் பந்து இரண்டு மூன்று வார்த்தை.

அதைவிட முக்கியம், ஒருவருக்கு எது முடியாது என்பதை இன்னொருவர் தெரிந்து வைத்திருந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு விஹாரிக்கு முன்காலை நீட்டி லயனை ஆடுவது சிரமம். முதுகு வலியோடு அஸ்வினுக்கு வேகப்பந்து சிரமம். அதனால் நீ அந்த முனை, நான் இந்த முனை. அணிக் கூட்டங்களில் எல்லோரும் தன்னால் என்ன முடியும் என்றுதான் பேசுவார்கள். ‘இது என்னால் ஆகாது, நீ பார்த்துக்கோ’ என்று கூச்சமில்லாமல் சொல்கிற ஜோடிக்குத்தான் வேலையைச் சரியாகப் பிரிக்க வரும். ஒற்றை ரன் ஓடினால் முனை மாறிவிடும் என்பதால், ஓடாமல் இருப்பதும் அன்று சேர்ந்து எடுத்த முடிவாகிவிட்டது. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. பிரியாமல் 250 பந்துக்கு மேல், 62 ரன். ஆட்டம் டிரா.

ஸ்டம்புக்குப் பின்னாலும் அன்று பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் அஸ்வினிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்; கொஞ்ச நேரத்திலேயே ஸ்டார்க் பந்தில் விஹாரியின் கேட்ச்சை நழுவவிட்டார். மறுநாள் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அன்று மைதானத்தில் அதிகம் பேசிய கேப்டனின் பேச்சு எதிரணிக்குப் போனது. தன் பவுலருக்கும் ஃபீல்டருக்கும் போயிருந்தால் பலன் இருந்திருக்கும்.

நாளின் சிறந்த தகவல் தொடர்பு எது என்று கேட்டால், அன்று மாற்று வீரராக இருந்த ஷர்துல் தாக்கூரை நான் சொல்வேன். பின்னாளில் அஸ்வின் தன் யூடியூப் சேனலில் பகிர்ந்த கதை இது. ஒரு கட்டத்தில் ரன் ஓடியதில் முனைகள் மாறிப் போயின. டிரெஸ்ஸிங் ரூமில் பதற்றம். யார் யாரை ஆட வேண்டும் என்று பயிற்சியாளர் ரவி சாஸ்திரி செய்தி சொல்லி ஷர்துலை அனுப்புகிறார். ஷர்துல் ஓடி வந்து சொன்னதன் சாரம்: உள்ளே என்னென்னவோ சொல்லச் சொன்னார்கள், நான் எதையும் சொல்லப் போவதில்லை, நன்றாகத்தான் ஆடுகிறீர்கள், இப்படியே ஆடுங்கள்.

கட்டளையை மீறினார் என்று இதை எழுதலாம். நான் அப்படி எழுத மாட்டேன். களத்தில் இருக்கும் இருவருக்குள் ஒரு தாளம் பிடித்துவிட்டது, மூன்றாவது குரல் நுழைந்தால் அது கலையும் என்று அவர் பார்த்த நேரத்தில் புரிந்துகொண்டார். எல்லோருக்கும் இந்த உரிமையைக் கொடுக்க முடியாது, ஆளைப் பொறுத்தது. அடுத்த வாரம் பிரிஸ்பேனில் 186/6 என்று அணி தடுமாறியபோது, அறிமுக ஆட்டக்காரர் வாஷிங்டன் சுந்தரோடு சேர்ந்து 123 ரன் எடுத்ததும் இதே ஷர்துல்தான். வாஷிங்டன் 62, ஷர்துல் 67. அந்த ஜோடி இல்லாவிட்டால் 328-ஐ விரட்டும் பேச்சுக்கே இடமில்லை.

இதிலிருந்து நம் பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் நெட்ஸில் ஒரு வலைக்கு ஒரு பேட்ஸ்மேன். எதிர் முனையில் ஆள் இல்லை, ஓட்டம் இல்லை, கூப்பிட யாரும் இல்லை. வாரம் முழுக்கத் தனியாக ஆடிப் பழகிய பையனை ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் இன்னொருவனோடு இறக்கிவிட்டு, ரன் அவுட் ஆனால் திட்டுகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது நடு விக்கெட்டில் ஜோடியாக ஆடவிடுங்கள். ஓரமாக ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று மூன்று விஷயம் மட்டும் குறிக்கட்டும்: யார் கூப்பிட்டது, எதிர் முனையிலிருந்து பதில் வந்ததா, சொன்ன சொல் மாறியதா. சீசன் முடிவில் பேட்டிங் சராசரியோடு அந்தக் கணக்கையும் பையன் கையில் கொடுங்கள். அணித் தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால், அடுத்த சீசனில் தானாகவே நிமிர்ந்து பார்த்து ஓடுவான்.