பட்டியலில் பாட்டி இல்லை

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார். தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெயரை முடிவு செய்யணும். "மேரி, பிலோமினா எல்லாம் பழசா இருக்கு, இத்தாலியன்ல ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்றார். இணைப்பில் இருந்தது நமக்கெல்லாம் பழக்கமான அதே சரக்கு: நூறு பெண் பெயர்கள், எதிரே ஒரு வரி அர்த்தம்.

நான் பெயர் தேடுவதை விட்டுவிட்டுப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த வகைப் பட்டியல்கள் நமக்கு எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சின்னத் தவறுகள். அந்த்ரேயா, நிக்கோலா, கப்ரியேலே மூன்றும் பெண் பெயர்களாக அங்கே இருந்தன. இத்தாலியில் மூன்றுமே ஆண் பெயர்கள். 'அ' என்றோ 'ஏ' என்றோ முடிந்தால் பெண் பெயர் என்பது பட்டியல் போட்டவரின் கணக்கு. பெயர் குழந்தையின் பாலினத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அந்த நாட்டில் 2000-இல் வந்த குடிமைப் பதிவு விதிகளே சொல்கின்றன. அந்த்ரேயாவைப் பெண்ணுக்கு வைக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-இல்தான் வைக்கலாம் என்று தீர்ப்பானது. இந்தக் கதையில் ஒரு வரி கூடப் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் திருத்திவிடலாம். எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது 'அர்த்தம்' என்கிற அந்த வரி.

கியாரா என்றால் 'ஒளி பொருந்தியவள்' என்று போட்டிருந்தது. அகராதிப்படி சரி. ஆனால் ஒரு இத்தாலிய வீட்டில் கியாரா என்று கூப்பிடும்போது பின்னால் நிற்பவர் அசிசி நகரத்துப் புனித கிளாரா. புனித பிரான்சிஸின் வழியில் வறுமையைத் தேர்ந்துகொண்ட பெண். அவருடைய திருநாள் ஆகஸ்ட் 11. கியாரா என்று பெயருள்ளவர்களுக்கெல்லாம் அன்று வாழ்த்து வரும். பிறந்தநாள் போலப் பெயர்நாள் என்று ஒன்று அங்கே உண்டு. பெயாத்ரீச்சேக்கு 'ஆசி தருபவள்' என்று போட்டிருந்தது. அந்தப் பெயரை இத்தாலியர்கள் தாந்தேயை நினைக்காமல் சொல்ல முடியுமா?

தெற்கு இத்தாலிக்குப் போனால் கதை இன்னும் மாறும். அங்கே பெற்றோர் பெயரைத் 'தேர்ந்தெடுப்பது' என்பதே பழைய வழக்கத்தில் குறைவு. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர். இதைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கவுரை வேண்டாம். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி, பெயரைத் தாங்குபவள். அந்தப் பெயருக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதோ அடுப்படியில் நிற்கிறாள் என்று காட்டலாம்.

அந்தப் பாட்டிகளின் பெயர்கள்தான் பட்டியலில் இல்லை. அத்தொலோராத்தா, இம்மாகொலாத்தா, கொன்செத்தா, அசுந்தா, அனுன்சியாத்தா. எல்லாம் மாதாவின் பட்டங்களிலிருந்தும் திருநாள்களிலிருந்தும் வந்தவை. நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இவை அந்நியமே அல்ல. அத்தொலோராத்தா நம்முடைய வியாகுலமேரி. இம்மாகொலாத்தாவும் கொன்செத்தாவும் சேர்ந்தால் அமலோற்பவம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. இந்தப் பெயர்களை விட்டது பட்டியல் போட்டவர் மட்டுமா? இத்தாலியர்களே விட்டுவிட்டார்களே! அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனமான இஸ்டாட் வெளியிடும் பெயர் வரிசையில் 2010-களில் சோஃபியா தொடர்ந்து முன்னணியில் இருந்தது. ஜூலியா, அவுரோரா எல்லாம் கூடவே வந்தன. கொன்செத்தாவை அந்த உச்சியில் தேடிப் பயனில்லை. 'துயருற்றவள்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போவது லேசான காரியமும் இல்லை. அமெரிக்கப் பாடகி கானி ஃபிரான்சிஸ், வீட்டில் வைத்த பெயர்ப்படி கொன்செத்தா. மேடைக்குக் கானி போதும் என்றாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல நான் யார்?

ஆகவே பழைய பெயர்தான் உயர்ந்தது என்பதல்ல என் வாதம். பெற்றோர் ஒரு பெயரை வேண்டாம் என்று விடுவது வேறு, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போவது வேறு. பெயரை அதைச் சுமந்த மனிதர்களிடமிருந்து பிரித்து, ஓசையாகவும் ஒற்றை வரி அர்த்தமாகவும் கையில் கொடுக்கிற பட்டியல், நம்மை இரண்டாவது நிலைக்குத் தள்ளிவிடுகிறது. எல்லாப் பெயரும் 'ஒளி', 'அழகு', 'ஞானம்' என்றே முடிந்தால், அப்புறம் எதை வைத்தால் என்ன?

நண்பருக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். "என்ன அர்த்தம்னு பார்க்காதீங்க, யாரோட பெயர்னு பாருங்க. உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பனிமயம்" என்றார்.

ஆகஸ்ட் மாதத்தில் ரோமாபுரிக் குன்று ஒன்றில் பனி பெய்ததாக ஒரு மரபுக் கதை. அங்கே நிற்பது மரியா மஜ்ஜோரே பேராலயம். அதே மாதாவுக்குத்தான் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில். இரண்டு இடத்திலும் திருநாள் ஆகஸ்ட் 5. அந்தப் பனியிலிருந்து வந்த இத்தாலியப் பெண் பெயர் ஒன்று உண்டு: நீவெஸ்.

அவர் உடனே பட்டியலைத் திறந்து தேடினார். அதில் அந்தப் பெயர் இல்லை.

வீட்டில் இன்னும் முடிவாகவில்லையாம். நாளைக்கே சோஃபியா என்று வைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இப்போது பாட்டியின் பெயரும் பேச்சில் இருக்கிறது.