பாதியில் நிறுத்தும் முறைகள்

இணையத்தில் தரவு ஓடையைத் தொடங்குவது எளிது. அதை நடுவில் நிறுத்துவதற்குத்தான் நெறிமுறைகள் வெவ்வேறு வழிகளை நாடின. 1981-இல் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக வெளிவந்த டிசிபியில் ஓர் இணைப்புக்குத் திசைக்கு ஓர் ஓடைதான். ‘ஃபின்’ கொடி, அனுப்பியதெல்லாம் போய்ச் சேரும்படி பார்த்து அந்தத் திசையை மூடும். ‘ரீசெட்’ கொடி இணைப்பையே அறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

தொலைபேசி வலையமைப்பின் சமிக்ஞைகளுக்காக 2000-இல் வந்த எஸ்சிடிபி வேறு வழியில் போனது. அதன் 2004-ஆம் ஆண்டு விரிவாக்கமான ஆர்எஃப்சி 3758, காலாவதியான செய்தியைக் கைவிட அனுப்புநரை அனுமதிக்கிறது. பெறுநர் அதற்காகக் காத்திராமல் அடுத்த வரிசை எண்ணுக்குத் தாவிவிடலாம். இங்கே கைவிடப்படுவது செய்தி, ஓடை அல்ல. உலாவிகளின் வெப்ஆர்டிசி தரவுத் தடங்கள் இன்றும் இதையே நம்பியிருக்கின்றன.

2015-இல் எச்டிடிபி/2 ஒரே டிசிபி இணைப்புக்குள் பல ஓடைகளை ஓட்டி, ஒவ்வொன்றையும் தனியே ரத்து செய்ய வழி தந்தது. அது அரை விடுதலைதான்: ஏற்கெனவே ஒப்படைத்த பைட்டுகளை டிசிபி விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தே தீரும்.

2021-இன் குவிக் (ஆர்எஃப்சி 9000) ஓடையைத் தனியே ரத்து செய்யும் ஏற்பாட்டைப் போக்குவரத்து அடுக்குக்கே கொண்டுவந்தது. பெறுநர் ‘ஸ்டாப் சென்டிங்’ என்று கேட்கலாம். ஓடையை முறிப்பது அனுப்புநரின் ‘ரீசெட் ஸ்ட்ரீம்’. முறிப்பதைவிடக் கணக்கு தீர்ப்பதுதான் நுட்பமானது. எல்லா ஓடைகளுக்கும் சேர்த்து எவ்வளவு அனுப்பலாம் என்று ஒரு பொது வரம்பு உண்டு. அனுப்பியது 5,000 பைட், வழியில் தொலைந்தது போக வந்தது 3,000 என்றால், இரு முனைகளின் பேரேடும் ஒத்துப்போகாது. ஆகவே முறிப்புச் செய்தி ஓடையின் இறுதி அளவையும் சுமந்து வருகிறது. அந்த அளவை ஒருமுறை சொன்னபின் மாற்றுவது பிழை.

ஆனால் முறித்த ஓடையில் தொலைந்தவை மறுபடி அனுப்பப்படுவதில்லை. வந்து சேர்ந்ததையும் பெறுநர் எறிந்துவிடலாம். உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே குவிக் ஓடைகளைப் பயன்படுத்தும் வெப்டிரான்ஸ்போர்ட்டுக்கு இது இடித்தது. அதில் ஓடை எந்த அமர்வைச் சேர்ந்தது என்ற விவரம் ஓடையின் தலைப்பகுதியில்தான் இருக்கிறது. தலை தொலைந்தால் முறிந்த ஓடை யாருடையது என்றே தெரியாது. குவிக் பணிக்குழு இதற்கு வகுத்த ‘ரீசெட் ஸ்ட்ரீம் அட்’ கூடுதலாக ஓர் எல்லையைக் குறிக்கிறது: அதுவரையிலான பைட்டுகள் உறுதியாகப் போய்ச் சேரும், அப்பாலுள்ளவை கைவிடப்படும். எல்லை சுழியம் என்றால் பழைய முறிப்பேதான். அனுப்புநர் அந்த எல்லையைப் பின்னர் குறைக்கலாம், கூட்ட முடியாது. கைவிட்ட பைட்டுகளின் படி அதற்குள் அனுப்புநரின் நினைவகத்திலேயே இல்லாமல் போயிருக்கலாம்.