கொடிக்கருக்கு: மிகையா, அணியா?

கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று திரும்பும் ஒருவரிடம் கண்டது யாதென வினவினால், கூத்தப்பெருமானைச் சொல்வார். பொன் வேய்ந்த கூரையைச் சொல்வார். கிழக்குக் கோபுர வாயிலின் 108 கரணச் சிற்பங்களைச் சொல்வார். வாயில்களிலும் தூண்களிலும் வளைந்தேறும் கொடியைச் சொல்பவர் அரியர். நாமும் பலமுறை அதைக் கடந்து நடந்தவர்களே. அண்மையில் நேர்ந்த ஓர் இழப்பே நம்மை நின்று நோக்க வைத்தது.

நம் வட்டாரத்துப் பழைய ஆலயம் ஒன்றில் (பெயர் வேண்டா) பீடத்தின் மேல்வளைவில் சுண்ணச்சுதையால் ஆன திராட்சைக்கொடி ஒன்று இருந்தது. செய்த கொத்தனார் திராட்சையைக் கண்டறியாதவர் போலும். இலை கோவையிலையாகவும் நுனிமொட்டு தாமரையாகவும் அமைந்திருந்தன. புதுப்பித்தலின்போது அது கொத்தி எடுக்கப்பட்டது. பளபளக்கும் ஓடுகள் பதிக்கப்பட்டன. "வெறும் வேலைப்பாடுதானே" என்றனர். அந்த 'வெறும்' என்னும் சொல் சரிதானா என்பதே நம் ஆய்வு.

சிற்பிகள் இவ்வேலையைக் கொடிக்கருக்கு என்பர். கருக்கு என்பது பனைமட்டையின் கூரிய விளிம்பு. உளியால் செதுக்கிய நுண்வேலைக்கும் அதுவே பெயர். இலையின் உடலைவிட விளிம்பே இங்கு முதன்மை என்பதை அச்சொல் உணர்த்துகிறது. அமைப்பும் எளியதே. ஒரு தண்டு அலையாக நெளிகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கிளை பின்னோக்கிச் சுருள்கிறது. அச்சுருளுக்குள் பூவோ, பறவையோ, ஆடுமகளோ இடம்பெறுகிறது. நிற்கும் தூணுக்கு வளரும் இயல்பைத் தருவது இந்நெளிவே.

இது எந்தச் செடி? தில்லையின் தலமரம் தில்லை. பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் வளர்வது. அதன் பால் கண்ணுக்கு ஊறு செய்வது. கல்லில் ஏறும் கொடி அத்தில்லையும் அன்று, தோட்டத்துச் செடி எதுவும் அன்று. மேனாட்டிலும் இதே வினா எழுந்தது. கொரிந்து நகரப் பெண்ணொருத்தியின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி முளைத்த அகாந்தஸ் இலையைக் கண்டே தூண்தலை வடிக்கப்பட்டது என்று உரோமானியரான விட்ரூவியுஸ் கதை சொன்னார். ஆஸ்திரிய அறிஞர் அலோய்ஸ் ரீகல் 1893இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்: அவ்வுருவம் செடியைப் பார்த்துச் செய்ததன்று, முன்னிருந்த அணியுருவிலிருந்தே வளர்ந்தது என்றார். செடி தோட்டத்தில் வளர்வதுபோல் அணி மரபில் வளர்கிறது என்னும் இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் எகிப்தில் தொடங்கி அராபிய அணியில் முடியும் அவருடைய வரலாற்றில் நம் கொடிக்கு இடமில்லை. கி.மு. காலத்துப் பாரூத் சுற்றுவேலியில் நெளியும் தாமரைக்கொடியில் பழங்களோடு அணிகலன்களும் காய்க்கின்றன. இதனை வளமையின் உருவமாகவும், உயிர்தரும் நீரின் உருவமாகவும் கண்டவர் ஆனந்த குமாரசாமி. நம் கொடியின் வேர் அந்நீரிலேயே உள்ளது.

உரோமையில் புனித கிளமெந்து ஆலயத்தின் 12ஆம் நூற்றாண்டு நுண்கல்லோவியத்தையும் இங்கு நினைக்கலாம். சிலுவையின் அடியில் எழும் அகாந்தஸ் கொடி சுருள்சுருளாகப் பரந்து வளைவு முழுவதையும் நிறைக்கிறது. திருச்சபையை அக்கொடிக்கு ஒப்பிடுகிறது அங்குள்ள எழுத்து. அக்கொடியை நீக்கிவிட்டால் சிலுவை எஞ்சும். சிலுவையிலிருந்து பெருகிய உயிர் எஞ்சாது. அணி பொருளின்மேல் ஏற்றிய சுமையன்று. பொருளை நிறைவு செய்வது. தமிழில் அணி என்னும் சொல் நகையையும் வரிசையையும் செய்யுளழகையும் ஒருங்கே குறிப்பது காரணத்தோடுதான்.

எல்லாக் கொடியும் போற்றத்தக்கதென்று நாம் கூறவில்லை. அச்சில் வார்த்து ஒட்டும் சிமெண்டுக் கொடியில் ஒரு சுருளுக்கும் மறு சுருளுக்கும் வேற்றுமை இல்லை. தண்டு நுனிநோக்கி மெலிவதில்லை. விளிம்பு மழுங்கியதால் நிழலும் விழுவதில்லை. அது உண்மையிலேயே வெறும் வேலைப்பாடு. கற்கோயில்களில் மணலை விசையுடன் வீசித் தூய்மை செய்ததை அறிஞர் கண்டித்ததும் இக்கருக்கு தேய்வதனாலேயே. நம் ஆலயங்களில் அடுக்கடுக்காக ஏறும் வண்ணப்பூச்சு அதே தீமையை மெல்லச் செய்கிறது.

1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வெறும் பகட்டைவிட உயரிய அழகையே நாடச் சொல்கிறது. கொத்தி எடுத்தவர்கள் காட்டியதும் இதனையே. ஆனால் எது பகட்டு? கைப்பிடிச் சுண்ணத்தில் பெயரறியாத ஒருவர் வளர்த்த கொடியா, முகம் தெரியப் பளபளக்கும் ஓடா?

இவ்வினாவை அன்றே எழுப்பியிருக்க வேண்டும். முடிவெடுத்த கூட்டத்தில் நாமும் இருந்தோம். எதிர்த்துச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கவில்லை, 'அழகாக இருக்கிறதே' என்பதைத் தவிர. அது போதவில்லை. பக்கப்பீடத்தின் வளைவில் சிறிய கொடி ஒன்று பூச்சுகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அடுத்த திருப்பணிக்கான கூட்டம் வரும். கருக்கு என்றால் என்ன என்பதையாவது அன்று சொல்வோம்.